வீட்டுக்காரர் விடமாட்டார்

பேத்தி அனுப்பிய பதிலைப் பிரபுதாஸ் பார்த்தது கே.ஜி.கண்டிகை டீக்கடை வாசலில், ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு. பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் எடுத்து அனுப்பிய படத்துக்குத்தான் அந்தப் பதில். "தாத்தா, யாரு இந்தப் பெரியவரு? நம்ம ஆயாவுக்கு மீச வெச்ச மாதிரியே இருக்காரு!" என்று எழுதி, விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகளையும் சேர்த்திருந்தாள் பிரிஸில்லா. அவருக்கும் சிரிப்பு வந்தது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். வேர்க்கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டே தலையை நிமிர்த்திப் பார்க்கும் ஒரு கிழவர். ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்த மூக்கு. இடது புருவத்தைவிட வலது புருவம் மேலே ஏறியிருந்தது. யார் எதைச் சொன்னாலும் முழுக்க நம்பாத மாதிரி ஒரு பார்வை. அந்தப் பார்வையை அவர் கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். டீ ஆறி ஆடை கட்டியது. பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, வண்டியை வந்த வழியே திருப்பினார்.

திருத்தணி ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டருக்குள் உட்கார்ந்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர் அவர். அரக்கோணம், ரேணிகுண்டா, சென்னை என்று மற்றவர்களை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டே இருந்தவருக்கு, ஓய்வு பெற்ற பிறகு, அந்தக் கம்பி ஜன்னலுக்கு வெளியே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்தது. சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பெரிய ரோடு பிடிக்காது. கரும்புத் தோட்டத்துக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே நுழைந்து, எங்கே போகிறதென்று தெரியாத தார்ச்சாலையில் போவதுதான் பிடிக்கும். ஒரு தெருவின் இந்தப் பக்க வீடுகள் தமிழ்நாட்டிலும் அந்தப் பக்க வீடுகள் ஆந்திராவிலும் இருக்கும் ஊரைக் கண்டுபிடித்தார். புளியமரக் கிளையில் மணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு ஓட்டுக்கூரை சர்ச்சைக் கண்டுபிடித்தார். பொதட்டூர்பேட்டையில் ஒரு சந்துக்குள் நுழைந்து, இரண்டு பக்கமும் தறி ஓடும் சத்தத்தில் தான் பேசுவது தனக்கே கேட்காமல் நின்றதைக் குரல் பதிவு செய்து பேத்திக்கு அனுப்பினார். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் அவள் எல்லாவற்றுக்கும் பதில் போடுவாள்.

மனைவி ரெபேக்காள் ஒருநாளும் கூட வந்ததில்லை. வண்டியில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும் என்பாள். இட்லியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்பாள். பள்ளிப்பட்டு என்று சொன்னால், "அது வேணாங்க. ரோடு முச்சூடும் குண்டும் குழியும். கண்டிகையோட திரும்பிடுங்க" என்பாள். அவரும் திரும்பிவிடுவார். இந்தச் சனிக்கிழமை ஏதோ நினைப்பில் திரும்பாமல் போய்விட்டார். ரோடு வழவழவென்று இருந்தது. எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று பெட்ரோல் பங்கில் டீசல் வாங்க வந்த ஒருவரிடம் கேட்டபோது, எப்பவுமே இப்படித்தான் என்றார்.

வேப்பமரத்தடிக் கிழவர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். காலையில், திருத்தணிக்காரர் என்பதைத் தவிர யாரென்றே தெரியாத இவருக்கு அவித்த கடலையை ஒரு சொம்பு நிறையக் கொடுத்து, நகரி மலையின் மூக்கு எந்த இடத்திலிருந்து பார்த்தால் மூக்காகத் தெரியும் என்று கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டியவர். வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னா சார், எதுனா மறந்துட்டுப் போய்ட்டீங்களா?"

"இல்ல... சும்மா ஒண்ணு கேக்கணும்னு தோணிச்சி. உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யார்னா இருக்காங்களா?"

கிழவர் கடலைச் செடியின் வேர் மண்ணைத் தட்டினார். "அக்கா ஒண்ணு இருக்குது. இருந்து இன்னா பிரயோஜனம்? உங்க திருத்தணியிலதான் இருக்குது. ரயில்வேல டிக்கெட் குடுத்துகினு இருந்தவன் ஒருத்தன், அவனக் கட்டிகினு போச்சி. அத்தோட சரி."

பிரபுதாஸ் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தார்.

"மனுசனா சார் அவன்? நான் எளந்தாரியா இருக்கும்போது, சீத்தாப்பழம் ஒரு கூட நெறைய எடுத்துகினு அக்காவப் பாக்கப் போனேன். வாசல்லயே நிறுத்திடுச்சி. எங்க வீட்டுக்காரர் விடமாட்டார், உங்க ஆளுங்க வாசப்படி மெறிச்சது தெரிஞ்சா என்ன உசுரோட வுடமாட்டார், போய்டுன்னு கையெடுத்துக் கும்புடுது. கூடைய மட்டும் உள்ள வெச்சிட்டு வந்தேன். எங்கம்மா சாவக் கெடந்தப்போ ஆளு அனுப்பினோம். அப்பவும் அதே பதிலுதான், வீட்டுக்காரர் விடமாட்டார். எங்கம்மா உசுரு போறவரைக்கும் வாசலையே பாத்துகினு கெடந்துச்சி. அவன் வெளங்குவானா? எங்க ஊர்ல பொண்ணு கேட்டு வந்தா, 'பையன் எப்படி, திருத்தணியான் மாதிரி இல்லியே'ன்னு இன்னைக்கும் கேக்கறாங்க சார்."

கடலைக்காய்கள் கூடையில் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. ரெபேக்காள் அவரிடம் சொன்னது வேறு. சித்தூர்ப் பக்கம் பிறந்தவள், சின்ன வயதிலேயே அப்பா அம்மா காலராவில் போய்விட்டார்கள், உடன்பிறந்தவர் யாருமில்லை, மிஷன் ஹாஸ்டலில்தான் வளர்ந்தாள். ஆயர்தான் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தார். அனாதைப் பெண்ணைக் கட்டிக்கொண்டோம் என்பதில் பிரபுதாஸுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் சித்தூர் வரைக்கும் வண்டியிலேயே போய், அந்த ஹாஸ்டலைத் தேடிக் கண்டுபிடித்து, இடிந்த சுவரையும் அடிபம்பையும் படம் எடுத்துவந்து அவளிடம் நீட்டினார். பார்த்துவிட்டு, "ஆங், இதான்" என்று சொல்லி மறுபடி கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று அன்றைக்கு அவர் நினைத்துக்கொண்டார்.

"அவன் பேரு இன்னா?" என்று கேட்டார்.

"பிரபுதாஸ். தாசன்னு பேரு வெச்சிருக்கறான் பாரு."

"நான்தாங்க அது."

கிழவர் சட்டென எழுந்தார். மடியிலிருந்த காயெல்லாம் மண்ணில் சிதறியது. அவர் அடிக்கப்போகிறார் என்றுதான் பிரபுதாஸ் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. அவர் அடிக்கவில்லை. காலையில் கையைப் பிடித்து நடத்திய அந்தக் கையைத் துண்டில் துடைத்தார். அதுதான் தாங்கவில்லை. பிரபுதாஸ் அழுதுவிட்டார். ஐயோ, கர்த்தர் சாட்சி, எனக்கு எதுவும் தெரியாது, நீங்கள் ஒருவர் இருப்பதே தெரியாது என்று என்னென்னவோ சொன்னார். செல்போனைத் தடவி ரெபேக்காளின் படத்தைக் காட்டினார். கிழவர் அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"அக்காவுக்கு முடியெல்லாம் வெளுத்துப்போச்சே" என்றார்.

அவர் பெயர் ஆசீர்வாதம். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள், அவளிடமும் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார்கள். யார் என்ன சொல்லிப் பிரித்தார்களோ, அந்தக் காலத்தில் யாரோ கலகம் செய்திருக்க வேண்டும் என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிரபுதாஸ் மறுக்கவில்லை. ரொம்பத் தள்ளவேண்டாம், நாளை விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சர்ச் முடிந்ததும் குடும்பத்தோடு வந்துவிடுங்கள், கேட்டை நானே திறக்கிறேன் என்றார். ஆசீர்வாதம் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வரேன் பாவா."

அக்கா புருஷன் என்று முறை வைத்து அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட ஆளில்லாத வீட்டில் அல்லவா பெண் எடுத்திருந்தார்.

திரும்பும் வழியில் அந்த வார்த்தை கொஞ்ச தூரத்துக்குத்தான் தித்தித்தது. பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் சீத்தாப்பழம் நினைவுக்கு வந்துவிட்டது. அவர் அதைத் தின்றிருக்கிறார். ட்யூட்டி முடிந்து வந்தபோது கூடை இருந்தது. தன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் டீச்சர் கொடுத்தாள் என்றாள் ரெபேக்காள். பேப்பரை விரித்து, எதிரெதிரே உட்கார்ந்து, கொட்டையைத் துப்பித் துப்பித் தின்றார்கள். அவள் கூட, இது நல்லாப் பழுத்திருக்குது பாருங்க என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். தன்னைக் கொடுமைக்காரன் என்று சொல்லி வாங்கிய பழத்தைத் தன்னிடமே கொடுத்திருக்கிறாள்.

குரலை உயர்த்தாதவர் என்று ஸ்டேஷனில் அவருக்குப் பெயர். வரிசையில் முண்டியடித்து வந்து சண்டை பிடிப்பவனிடமும் "இருங்க, குடுக்கறேன்" என்பவர். வீட்டில் ஒருநாள்கூடக் கை ஓங்கியதில்லை, சாப்பாட்டில் உப்பில்லை என்று முகம் சுளித்ததில்லை. அதையெல்லாம் அவள் தினம் பார்த்துக்கொண்டே, வேறு ஒரு பிரபுதாஸைச் செய்து அந்த ஊருக்கு அனுப்பியிருக்கிறாள். அந்த ஊரிலிருந்து வந்து அவர் ஜன்னலில் டிக்கெட் வாங்கியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இவன்தான் என்று தெரிந்தே, உள்ளங்கையில் சில்லறையை வைத்து நீட்டியவர்கள்? முகத்தைச் சரியாகப் பார்க்காமல் போனவர்களையெல்லாம் நினைத்து நினைத்துப் பார்த்தார். காற்று கண்ணில் அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டில் ரெபேக்காள் முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"லேட்டாயிடுச்சே. எந்தப் பக்கம் போனீங்க?"

"பள்ளிப்பட்டு தாண்டி. ரோடு நல்லாத்தான் இருக்குது."

அவள் கை நின்றது. பிறகு மறுபடி ஆய ஆரம்பித்தது.

"ஆசீர்வாதத்தப் பாத்தேன். அடுத்த ஞாயித்துக்கெழம வரச் சொல்லியிருக்கறேன்."

அழுவாள், காலில் விழுவாள், இல்லை என்று சாதிப்பாள், இந்த மூன்றில் ஒன்று நடக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். அவள் கீரைக்காம்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு, வலது புருவத்தை ஏற்றி அவரைப் பார்த்தாள்.

"ரஞ்சிதத்தப் பத்தி எதுனா சொன்னானா?"

"யாரு ரஞ்சிதம்?"

"சொல்லமாட்டான்."

பிறகு அவளே சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ரஞ்சிதம் அவள் தங்கை. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே, பெண்டாட்டி செத்த ஒரு சொந்தக்காரனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். சூடு போட்ட கையோடு ஓடி வருவாள். அப்பா திட்டித் திருப்பி அனுப்புவார். ரெபேக்காள் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருந்த சமயம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடி வந்தாள்.

"கதவத் தட்டறா. நைனா தொறக்காதன்னிட்டாரு. எங்கம்மா மூலையில ஒக்காந்து அழுதுகினு இருக்குது. நான் எழுந்து போனேன். அவன், இந்த ஆசீர்வாதம், தாப்பாளப் போட்டுட்டு, கதவுக்குக் குறுக்கால படுத்துகினான். என்னத் தள்ளிவுட்டான். 'நீ படிச்சிட்டு வந்து ஊரக் கெடுக்கறியா'ன்னான். அக்கா, அக்கான்னு என்னத்தான் கூப்ட்டா. அப்புறம் சத்தமே இல்ல. காலையில கெணத்துல இருந்தா. தண்ணி சேந்தப் போயி கால் தவறிடுச்சின்னு ஊருக்குச் சொன்னாங்க. எங்கம்மாவும் அப்டியேதான் சொல்லிச்சி."

வெளியே யார் வீட்டிலோ டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பிரபுதாஸுக்குக் காலையில் தன் கையைப் பிடித்த கை நினைவுக்கு வந்தது. சொரசொரப்பாக, கதகதப்பாக இருந்த கை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே ரெபேக்கா."

"உங்களப் பத்தித் தெரிஞ்சிதான் சொல்லல. சொல்லியிருந்தா ஒரே மாசத்துல சமாதானம் பண்ணி வெச்சிருப்பீங்க. மன்னிக்கணும்னு பேசி, ஜெபம் பண்ணி, அவன இங்க ஒக்காரவெச்சிச் சோறு போட்டிருப்பீங்க. நானே பரிமாறியிருக்கணும். நான் வரவேணாம்னு சொன்னா அவனுங்க வந்துகினேதான் இருப்பானுங்க. வீட்டுக்காரர் விடமாட்டார்னு சொன்னா, அதுக்கு மேல யாரும் ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க. ஊர்ல அது ஒண்ணுதான் செல்லும்."

"அதுக்கு என் பேருதான் கெடைச்சிதா? என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருக்கமாட்டார். அது அவருக்கே தெரிந்தது, தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

"இப்ப மட்டும் இன்னா பண்ணீங்க?" என்றாள். "பாத்து ஒரு மணி நேரம் ஆவல, வூட்டுக்கு வரச் சொல்லிட்டீங்க. நான் ஒருத்தி இருக்கறனே, எதுக்காக மறைச்சிருப்பான்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் இரண்டு பேரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. அவர் அவளைப் பார்ப்பதும், அவள் பார்த்தால் வேறுபக்கம் திரும்பிக்கொள்வதுமாக இருந்தார். ரஞ்சிதத்துக்காக மனசு உடைந்தது. அந்தக் கதவை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பரிதாபம் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் அதற்கு அடியில் இன்னொன்று அசையாமல் கிடந்தது. ஒரே பாயில் படுத்தவள், ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்து ஞாயிறுதோறும் பக்கத்தில் நின்று பாடியவள், தன்னை ஒரு நாள்கூட நம்பவில்லை. நல்லவன் என்பதாலேயே நம்பவில்லை. நல்லவனாக இருந்தது அவளுக்கு ஒரு காசுக்கும் உதவவில்லை, கெட்டவன் என்ற பொய்தான் உதவியிருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சனிக்கிழமை வண்டியை எடுக்கவில்லை. 'தாத்தா, இந்த வாரம் எந்த ஊரு? அந்த மீச ஆயாவ மறுபடி பாத்தீங்களா?' என்று பிரிஸில்லா கேட்டிருந்தாள். பதில் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சிலிருந்து திரும்பும்போது, "அவங்க வந்தா நான் இன்னா சொல்றது?" என்று கேட்டார்.

"கூப்ட்டவங்க நீங்க. உங்களுக்குத் தோணறத சொல்லுங்க."

"நீ வெளிய வருவியா?"

அவள் நடந்துகொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அரிசி களையும்போது அவர் எட்டிப் பார்த்தார். வழக்கமாக அவர்கள் இருவருக்கும் போடும் அளவுதான்.

நல்ல வெயிலில் ஆட்டோ வந்து நின்றது. ஆசீர்வாதம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி, மடிப்புக் கலையாத பட்டுப்புடவையில். மருமகள் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பிரபுதாஸ் கேட்டுக்கு நடந்தார். தாழ்ப்பாளில் கை வைக்கிறவரைக்கும் என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. திறந்துவிடலாம் என்றுதான் கால்கள் நடந்தன.

"பாவா, தெருவக் கண்டுபுடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சி" என்று சிரித்துக்கொண்டே வந்தார் ஆசீர்வாதம். ரெபேக்காளுக்குச் சிரிப்பு வரும்போதும் அந்தப் புருவம் அப்படித்தான் ஏறும். "அக்கா எங்க? உள்ள இருக்குதா?"

உள்ளே குக்கர் விசில் அடித்தது. யாரும் வெளியே வரவில்லை. ஜன்னல் திரை அசையவுமில்லை.

ரஞ்சிதம் வந்தப்போ நீ கதவத் தொறந்தியா என்ற கேள்வி பிரபுதாஸின் நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கேட்டால் இவருக்கு எல்லாம் புரிந்துவிடும். அக்காதான் வேண்டாம் என்கிறாள் என்று தெரிந்துவிடும். பிறகு அழுதுகொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவள் சாகிறவரைக்கும் இந்த வாசலுக்கு வந்துகொண்டே இருப்பார்.

"திரும்பிப் போங்க" என்றார் பிரபுதாஸ்.

"பாவா?"

"நான்தான் சொல்றேன். என் வாசல்ல யாரும் வந்து நிக்கக்கூடாது. அவளையும் அனுப்பமாட்டேன். போங்க."

கவுன்ட்டரில் குடிகாரனிடம்கூடப் பேசாத குரல் அது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் தடங்கல் இல்லாமல் வந்தது. ஆசீர்வாதத்தின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. விளையாட்டு என்று நினைத்தவர் போலச் சற்று நேரம் அப்படியே நின்றார்.

"அன்னைக்கி அழுதீங்களே. கர்த்தர் சாட்சின்னு சொன்னீங்களே."

பிரபுதாஸ் தாழ்ப்பாளை விடாமல் பிடித்திருந்தார்.

"அக்கா சொன்னதுல ஒரு வார்த்த பொய் இல்ல" என்றார் ஆசீர்வாதம், தனக்குத் தானே சொல்வது போல. வீட்டைப் பார்த்து, கழுத்து நரம்பு புடைக்க, "அக்கா! நீ ஒண்ணும் கவலப்படாத, நாங்க போய்டறோம். உன்ன அடிச்சிடப் போறான்" என்று கத்தினார். அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். "வாய்யா. மூஞ்சியப் பாத்தாலே தெரியல? பாவம் அந்தம்மா, எப்டித்தான் குடும்பம் நடத்துதோ." எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கனிமொழி டீச்சர் கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றாள். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. ஆட்டோ குறுகலான தெருவில் முன்னும் பின்னும் நகர்ந்து, ஒருவழியாகத் திரும்பிப் போனது.

"ஏங்க, சாப்பிட வாங்க" என்று உள்ளேயிருந்து ரெபேக்காள் கூப்பிட்டாள். தினமும் கூப்பிடுகிற குரல்தான். அதில் நன்றி இருக்கிறதா, அழுகை இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டுப் பார்த்தார். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

தாழ்ப்பாள் இரும்பு வெயிலில் காய்ந்து உள்ளங்கையைச் சுட்டது. கையை எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மலைக்குப் போகும் ஒரு கூட்டம் தெருவோடு வந்தது. மஞ்சள் புடவைகள், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளைகள், தோளில் காவடி. கடைசியாக வந்தவள் இடுப்பில் பிள்ளையோடு கேட்டுக்கு முன்னால் நின்று, காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "ஐயா, கொஞ்சம் தண்ணி..." என்று ஆரம்பித்தாள். அவர் தலையை நிமிர்த்தினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லவந்ததை முடிக்காமல் பாட்டிலைத் தாழ்த்திக்கொண்டு, பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றி, அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.